படியில் நிற்கும் கமென்ட்

ஜூன் 23, திங்கள்

அவருடைய காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக சுகந்தியும் இன்று காலை ஓசூர் பஸ் ஏறினாள். ஏறும் முன்னால், "அம்மா, மனசுல உள்ளதை எதுலயாவது எழுதிவைம்மா, பாரம் குறையும்" என்றாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் பீரோவில் இந்த டைரி ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது. ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்தில் அவருக்குக் கொடுத்தது. பாதி வருஷம் வீணாகிவிட்டது, மீதியாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று எடுத்தேன்.

இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. பால் அதிகமாக வாங்கிவிட்டேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

துணி துவைத்தேன். தண்ணீர் நிதானமாக வந்தது.

சுகந்தி போன் பண்ணி, "அப்பா பிளாக்கைப் பார்த்தியா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்கவில்லை. மகளைப் பிடித்து ‘நம்ம பூங்கா நகர்’ என்று இன்டர்நெட்டில் ஒரு பிளாக் ஆரம்பித்தார். எங்கள் நகர் மதுரைக்கு வெளியே வயலுக்கு நடுவில் முளைத்தது. எந்தத் தெருவில் தண்ணீர் வரும், என்றைக்குக் கரண்ட் போகும், யார் வீட்டு மாடி வாடகைக்கு இருக்கிறது, எல்லாம் எழுதுவார். அதற்குக் கீழே ஜனங்கள் கமென்ட் போடுவார்கள். போட்டவுடன் வெளியே தெரியாது. முதலில் இவர் போனில் வந்து நிற்கும். இவர் படித்துவிட்டு ‘வெளியிடு’ என்று இருப்பதை அழுத்தினால்தான் ஊருக்குத் தெரியும். அப்போது நகரில் எல்லார் போனிலும் ‘டிங்’ என்று சத்தம் வரும். அதை அவர் விசில் என்பார்.

பஸ்ஸைவிடக் கறாராக இதை நடத்தினார். வந்த வரிசையில்தான் விடுவார். "முன்னால நிக்கிறவன் இறங்காம பின்னால நிக்கிறவன் எப்படி இறங்குவான், தலைக்கு மேலயா?" என்பார். ஏறியவரை நடுவழியில் இறக்கிவிடுவதும் கிடையாது, அதாவது எதையும் அழிக்க மாட்டார். பதில் எழுதாமல் ஒன்றையும் வெளியே விட்டதில்லை. எழுத ஒன்றுமில்லை என்றால் ‘ரைட்’ என்றாவது போட்டுத்தான் அனுப்புவார்.

ஆஸ்பத்திரியில் படுத்தபோது போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவர் பதில் சொல்வார். நான் ஒற்றை விரலால் தட்டுவேன். "நாகரத்தினம், நீ ஆள் இல்லாத ஸ்டாப்புலயும் நின்னு போற வண்டிடி" என்று சிரிப்பார். மூக்கில் குழாயோடு சிரித்தால் ஒரு மாதிரி சத்தம் வரும்.

பார்த்தேன். ‘காத்திருப்பவை 43’ என்று காட்டுகிறது. முதலில் நிற்பது சோலைமலை அண்ணன்.

ஜூன் 25, புதன்

சோலைமலை அண்ணன் அவருடைய வண்டிக்கு டிரைவர். ஒரே பஸ்ஸில் இருபது வருஷம். மனை வாங்கியதும் ஒன்றாகத்தான், அவர் மூன்றாம் தெரு, நாங்கள் பூங்காவுக்கு எதிரே. அண்ணன் ரிட்டயர் ஆனபோது இவரைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "நம்ம சோலைமலை ஒருநாளும் வண்டியை ஸ்டாப்புல நிறுத்துனதில்லை. ஒண்ணு முன்னாடி, இல்லாட்டி பின்னாடி. இவராலதான் மதுரை ஜனங்க ஓடிப் பழகி ஆரோக்கியமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனின் சம்பந்தி வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து நேரில் பேச்சு இல்லை.

நேரில்தான் இல்லை. பிளாக்கில் தினமும் சண்டை. இவர் எதை எழுதினாலும் கீழே அண்ணன் ஒரு வம்பு போடுவார். இவர் அதை உடனே விடமாட்டார். "காப்பி குடிச்சிட்டு அழுத்துறேன், அதுவரைக்கும் அவன் படியில நிக்கட்டும்" என்பார். காப்பி குடிக்கும்போதே பதிலை யோசித்துத் தானாகச் சிரிப்பார்.

இப்போது நிற்பது, அவர் கடைசியாக எழுதியதற்குக் கீழே. திங்கள்கிழமை முதல் நம் நகருக்கு மினிபஸ் வரும் என்று எழுதியிருந்தார். அண்ணன் கேட்டிருக்கிறார்: "யோவ் கண்டக்டரு, மினிபஸ் வருது வருதுன்னு ரெண்டு மாசமா எழுதுற." இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வழக்கமான வம்புதான்.

அழுத்தவில்லை. பதில் இல்லாமல் எப்படி விடுவது? கண்ணும் வலிக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

பக்கத்து வீட்டு செபஸ்தி அக்கா மதில் வழியாகக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, நான் கமென்ட் போட்டு அஞ்சு நாளாச்சு. ஏன் வரல?"

"என்ன கமென்டுக்கா?"

"நம்ம நாய் பிளாக்கி குட்டி போட்டிருக்குல்ல. அஞ்சு குட்டி. வேணுங்கிறவுக வாங்கிக்கலாம்னு போட்டேன். கண்ணு முழிச்சிருச்சு எல்லாம்."

"கண் வலிக்கா. நாளைக்குப் பார்க்கறேன்."

"எனக்குந்தான் கண்ணு வலி. நாய்க்குக் காத்திருக்கத் தெரியுமா? அது பாட்டுக்கு வளருது."

சுகந்தி அப்பாவின் போட்டோவைப் போட்டு செய்தி எழுதியிருக்கிறாளாம். போட்டோ நன்றாக இருப்பதாக அக்கா சொன்னாள். நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்குக் கீழே போட்டதெல்லாம் வரிசையில் பின்னால்தான் நிற்கும். முன்னால் நிற்பது இறங்க வேண்டாமா?

ஜூன் 28, சனி

கரண்ட் இல்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூன் 30, திங்கள்

இன்று ஒரு கூத்து நடந்துவிட்டது.

வேகமாகத் தட்டிப் பழக வேண்டுமானால் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிப் பார் என்று சுகந்தி சொல்லியிருந்தாள். பிளாக்கில் பழைய செய்தி ஒன்றுக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. காய்கறி வாங்க செபஸ்தி அக்காவிடம் சொல்ல வேண்டும், அதையே எழுதிப் பார்ப்போம் என்று ‘முருங்கைக்காய் மூன்று, கத்தரிக்காய் அரைக்கிலோ பிஞ்சாக’ என்று எழுதினேன். ‘பிஞ்சாக’வுக்கு மட்டும் ரொம்ப நேரம் ஆயிற்று. சரியாக வந்த சந்தோஷத்தில் எதையோ அழுத்திவிட்டேன்.

மதிலுக்கு அந்தப்பக்கம் டிங் என்று கேட்டது. எதிர்வீட்டிலும் கேட்டது.

செபஸ்தி அக்கா சிலுவை போட்டுக்கொண்டே ஓடிவந்தாள். கையில் போன். அதில் அவருடைய போட்டோ, அவருடைய பெயர், பக்கத்தில் முருங்கைக்காய் மூன்று.

"மாதாவே, உன் வீட்டுக்காரரு பேருல வந்திருக்கு! அதுவும் பிஞ்சாக் கேக்குறாரு!"

"நான்தான்க்கா அழுத்திட்டேன்."

"நீயா?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் நிற்காது. எனக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் தெருவில் என்ன சொல்வார்கள்?

அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. சுகந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுகூட ஒரு தாளில் எழுதித்தான் காட்டினேன். இப்போது என் விரல் தட்டியது அவர் பெயரில் போய் நிற்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி சுகந்தி போனில் கத்தினாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் கோலம் போடாத வாசலைக் கூட்டப் போனால் கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. உள்ளே முருங்கைக்காய் மூன்று, கத்தரிக்காய் அரைக்கிலோ. செபஸ்தி அக்காதான் என்று நினைத்து, "எதுக்குக்கா?" என்றேன். "நான் வைக்கலத்தா. என் கத்தரிக்காய் இவ்வளவு பிஞ்சா இருக்காது" என்றாள்.

சாம்பார் வைத்தேன். இரண்டு வேளைக்கு வந்தது.

ஜூலை 3, வியாழன்

நகர் நலச்சங்கச் செயலாளர் ஜெகவீரன் சார் வந்தார். கையில் ஃபைல் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் வருத்தப்படறாங்கம்மா. இரங்கல் எழுதுனோம், ஒண்ணுகூட வெளிய வரலைங்கறாங்க. கண்டக்டர் ஐயா வீட்டுல நம்ம மேல கோபமோன்னு கேக்குறாங்க."

"கோபமெல்லாம் இல்ல சார். கண் வலி."

"அதான் சொல்றேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்? சங்கத்துல ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சுருவோம். பிளாக்கை எடுத்துரலாம். பதிமூணாம் தேதி ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பூங்காவுல கூட்டம், ஓட்டுக்கு விடப்போறேன்."

"எடுத்துட்டா பழசெல்லாம்?"

"பழசுல என்னம்மா இருக்கு? போன வருசம் தண்ணி எப்ப வந்துச்சுன்னு யாரு பாக்கப் போறா?"

போன வருஷம் தண்ணீர் எப்போது வந்தது என்று எனக்குப் பார்க்க வேண்டும். அவர் எழுதியது வேறு எங்கே இருக்கிறது? எனக்கு அவர் கடிதமா எழுதினார்?

எழுந்தவர் பழக்கத்தில், "அப்ப நான் போயிட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் போக வேண்டும். பாவம், ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு போனார். கேட்டருகில் செபஸ்தி அக்காவின் குட்டி ஒன்று அவர் செருப்பைக் கவ்விப் பார்த்தது. இன்னும் பல் சரியாக முளைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சுகந்தியிடம் சொன்னேன்.

"அம்மா, எங்கிட்டயும் பாஸ்வேர்டு இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா டிக் பண்ணி ஒரே அழுத்துல விட்டுர்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

"பதில்?"

"பதில் எதுக்கும்மா?"

"பதில் இல்லாம உங்கப்பா எதையாவது விட்டிருக்காரா?"

"அம்மா..." என்றாள். பிறகு, "அந்த முதல் கமென்ட்டைப் படிச்சேம்மா" என்றாள்.

"நீ அதுல கை வச்சா உங்கூடப் பேச மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? அரைமணி கழித்து நானே கூப்பிட்டு, ஓசூரில் மழையா என்று கேட்டேன். மழைதானாம்.

ஜூலை 6, ஞாயிறு

அடுத்த ஞாயிறு கூட்டம். குட்டிகள் குரைக்கப் பழகிவிட்டன.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டருகில் யாரோ இருமினார்கள். சோலைமலை அண்ணன். நாலு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் நிற்கிறார். எழுந்து நின்றேன். துக்க வீட்டில் வாங்க என்று சொல்லவும் கூடாது, அதனால் நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தார். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

"தங்கச்சி, எல்லாரும் என்னைத் திட்டுறாய்ங்க."

"ஏன்ணே?"

"பிளாக்கை மூடப் போறாங்களாம். வரிசையில முதல்ல நிக்கிறது நான்தான்னு எனக்குத் தெரியும். அவன் சட்டம் எனக்குத் தெரியாதா? என்னாலதான் நாப்பது அம்பது பேரு பின்னால நெரிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீ ஒண்ணு செய்யி. என்னுதை அழிச்சிரு."

"ஏறுனவுகளை நடுவழியில இறக்கிவிட மாட்டாக."

"அவன் மாட்டான். நீ விடலாம்ல?"

"நானும் மாட்டேன்ணே."

"அப்ப அவனைப் பதில் சொல்லச் சொல்லு" என்றார். சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தோம்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, டம்ளரைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு சொர்க்க ரதத்தை நான்தான் ஓட்டுனேன், தெரியுமா? தெருமுனை தாண்டுனதும் வந்த டிரைவரை இறக்கிவிட்டுட்டு நானே ஏறிட்டேன்."

எனக்குத் தெரியாது. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோமே.

"இருபது வருசம் அவன் விசிலுக்கு மிதிச்ச காலு தங்கச்சி. ஒரு விசில்னா பிரேக், ரெண்டு விசில்னா கிளம்பு. நான் கண்ணாடியப் பார்த்து ஓட்டுனதே கிடையாது. அன்னைக்கு சுடுகாட்டு கேட் வருது. எங்க மிதிக்கிறதுன்னு தெரியல. காது பின்னாலயே இருக்கு. கேட்டைத் தாண்டிப் போயிட்டேன். எல்லாப் பயலும் கத்துறாய்ங்க. அப்புறம் ரிவர்ஸ் எடுத்தேன்."

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அழுகைக்கு இல்லை. அன்று மைக்கில் அவர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனும் கண்டுபிடித்துவிட்டார்.

"சிரி, சிரி. அங்கேயும் ஸ்டாப்புல நிறுத்தலைன்னுதான் அவனும் சிரிச்சிருப்பான்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

காப்பியை முழுதும் குடித்தார். சொல்லாமல் எழுந்து போனார். டம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது, சர்க்கரையே போடவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

அந்தக் கமென்டை நான் முழுதும் இங்கே எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

"யோவ் கண்டக்டரு, மினிபஸ் வருது வருதுன்னு ரெண்டு மாசமா எழுதுற. முதல்ல நீ எப்ப வருவேன்னு சொல்லு. ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு டிக்கெட் கிழிக்காத. எந்திரிச்சு வந்து நேர்ல சண்டை போடு. பதில் சொல்லுய்யா."

அது அந்தக் கடைசி நாள் காலையில் வந்தது. உள்ளே என்னை விடவில்லை. குழாய் மாற்றுகிறோம், சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். சாயங்காலம் படித்துக் காட்டலாம், கேட்டால் சந்தோஷப்படுவார், நாலு வருஷப் பேச்சு இப்படித்தானே திரும்பி வர முடியும் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண் வலி. மீதி நாளைக்கு.

ஜூலை 12, சனி

மீதி ஒன்றுமில்லை.

பாத்திரம் எல்லாம் எடுத்துப்போட்டுத் துலக்கினேன். நாளைக்குக் கூட்டம். நாத்தனார் மூன்று மாதத்துக்கு வாசல் தாண்டாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், நான் போக முடியாது. பூங்கா எதிரேதான். ஜன்னலைத் திறந்துவைத்தால் கேட்கும்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணி என்றார்கள், பத்தரைக்குத்தான் ஆள் சேர்ந்தது. நான் ஜன்னலுக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். செபஸ்தி அக்கா முன்வரிசையில். அவள் காலடியில் ஐந்து குட்டிகளும். குட்டி என்று இனிமேல் எப்படிச் சொல்வது, எல்லாம் நாயாகிவிட்டன. சோலைமலை அண்ணன் எல்லாருக்கும் பின்னால் மரத்தடியில் நின்றார்.

ஜெகவீரன் சாருக்கு மைக் தேவை இல்லை.

"கண்டக்டர் ஐயா இருந்தவரைக்கும் பிளாக் நல்லா ஓடுச்சு, நான் இல்லைங்கல. இப்ப ஒரு மாசமா ஒரு கமென்ட் இல்லை. ஓடாத வண்டியை ரோட்டுல நிறுத்திவச்சா போக்குவரத்துக்குத்தான் இடைஞ்சல். எடுத்துரலாம். என்ன சொல்றீங்க?"

"ஒரு மாசமா இல்லைங்காதீக" என்றாள் செபஸ்தி அக்கா. "நடுவுல முருங்கைக்காய் வந்துச்சு."

சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "சரி, வாட்ஸப்புக்கு மாறலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அப்போது மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. "யோவ் செகரட்டரி! வண்டி ரிப்பேர் இல்லய்யா. விசில் வரல, அதான் நிக்குது!"

அவர் என் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

போனை எடுத்தேன். பதில் கட்டத்தைத் திறந்தேன். அவர் பெயர் மேலே நின்றது. எழுத ஆரம்பித்தேன். என் விரல் எவ்வளவு மெதுவோ ஜெகவீரன் சாரின் எண்ணிக்கை அவ்வளவு வேகம். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ராமானுஜம் சார், ரெண்டு கையையும் தூக்காதீங்க..." நான் ‘ஸ்டாப்’ என்று எழுதி முடிக்கும்போது அவர் பதினொன்றில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எழுதியதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"சோலைமலை அண்ணே, அவுக ஸ்டாப் வந்திருச்சு. இறங்கிட்டாக. இனி வர மாட்டாக. நீங்க நிறுத்த வேணாம். போலாம், ரைட். இப்படிக்கு நாகரத்தினம்."

வெளியிடு.

டிங்.

ஒரு போனில் மட்டும் இல்லை. பூங்கா முழுக்க. சார் சட்டைப் பையிலும் டிங். தூக்கிய கைகள் எல்லாம் கீழே இறங்கிப் போனை எடுத்தன. சார், "பதினாலு... அட, இருங்க, கையை இறக்காதீங்க" என்றார். யாரும் கேட்கவில்லை.

அண்ணன் கண்ணாடியைத் தேடினார். பிறகு போனைத் தூரமாக நீட்டிப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அடுத்ததைத் திறந்தேன். முன்னால் இருந்தவர் இறங்கிவிட்டாரே, இனிமேல் வழி இருக்கிறது. ரேஷன் கடைச் சரசு எழுதியிருந்தாள்: "ஐயா, ‘உள்ள போ, உள்ள போ, உள்ள ஒரு கல்யாண மண்டபமே காலியா இருக்கு’ன்னு நீங்க சொன்னது காதுலயே இருக்குது." ரைட். டிங். இரண்டாம் தெரு டீச்சர், அவருடைய ஆன்மா சாந்தி அடையட்டும் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார். ரைட். டிங். ஜெகவீரன் சாரும் எழுதியிருந்தார், ஒரு பக்கத்துக்கு. ஐயாதான் சங்கத்தின் முதுகெலும்பு, பிளாக் என்றென்றும் அவர் புகழ் பாடும் என்று. அதற்கும் ரைட். அது வந்து விழுந்தபோது பூங்காவில் யாரோ சத்தமாகப் படித்தார்கள். சார் ஃபைலைத் திறந்து மூடினார்.

செபஸ்தி அக்காவுடையதும் வந்தது: "பிறந்து சில நாளே ஆன, கைக்குள் அடங்கும் அழகான ஐந்து நாய்க்குட்டிகள்." எல்லாரும் போனைப் பார்த்தார்கள், பிறகு அவள் காலடியைப் பார்த்தார்கள். அதில் ஒன்று சாருடைய ஒரு செருப்போடு வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது பல் நன்றாக முளைத்துவிட்டது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் முருங்கைக்காய் செய்திக்கு வந்த கமென்ட் ஒன்று நின்றது. சோலைமலை அண்ணன்: "அங்கே முருங்கைக்காய் கிடைக்கலையா கண்டக்டரு? பரவாயில்ல, வீட்டுல கொடுத்துர்றேன். பிஞ்சாத்தான் பார்த்து எடுத்திருக்கேன்."

இதற்கு ரைட் மட்டும் போடவில்லை. ‘சாம்பார் நன்றாக இருந்தது’ என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்து ‘காத்திருப்பவை இல்லை’ என்று காட்டியது. கூட்டம் எப்போது கலைந்தது என்று தெரியவில்லை. ஓட்டு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எந்த ஓட்டு? அவரு ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள் செபஸ்தி அக்கா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டியாத்தா?" என்றாள்.

"போட்டேன்க்கா."

"நல்லாத்தான் போட்டிருக்க" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அவருடைய போட்டோவைப் பார்த்தேன். நல்ல போட்டோதான். சுகந்தி கல்யாணத்தில் எடுத்தது.

ஜூலை 14, திங்கள்

காலையில் எழுந்ததும் போனைப் பார்த்தேன். ‘காத்திருப்பவை 1’.

சோலைமலை அண்ணன். "தங்கச்சி, திங்கக்கிழமை மினிபஸ் வரும்னு உன் வீட்டுக்காரன் எழுதுனான். இன்னைக்குத் திங்கக்கிழமை. காலையில இருந்து ஸ்டாப்புல நிக்கிறேன். எந்தத் திங்கக்கிழமைன்னு அவன் சொல்லலை. பிளாக்கை இப்ப நீதான நடத்துற, பதில் சொல்லு."

நல்ல பதில் ஒன்று தோன்றிவிட்டது. ஸ்டாப்பில் நிற்கிறேன் என்கிறாரே, சரியாக ஸ்டாப்பில்தானா, இல்லை கொஞ்சம் தள்ளியா என்று கேட்கப் போகிறேன்.

ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறது. இன்றைக்கு அளவாகத்தான் வாங்கினேன். காப்பி குடித்துவிட்டு அழுத்துகிறேன். அதுவரைக்கும் அண்ணன் படியில் நிற்கட்டும்.